ஜாக்கி இரங்கியதால் ஏற்பட்ட காயம்

அவசரப் பிரிவின் நடைக்கூடத்தில் ஒரு படிவத்தை நீட்டி, வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். 'காயம் ஏற்பட்ட விதம்' என்ற இடத்தில், நான் வாயால் சொன்னதைக் கேட்டு ஓர் ஊழியர் எழுதியிருந்தார்: 'காருக்கு அடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஜாக்கி இரங்கியதால் ஏற்பட்ட காயம்.'

இரங்கியது என்றால் மனம் இளகியது, இரக்கப்பட்டது என்று பொருள். கீழே வந்தது என்று சொல்ல வல்லின 'ற' போட வேண்டும். நான் முப்பது வருடமாக ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவன். கதவுக்கு அந்தப் பக்கம் என் மைத்துனன் சங்கரின் நெஞ்சுக்கூட்டில் துளை போட்டுக் குழாய் செருகிக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவை வாங்கி, 'ர'வை அடித்து 'ற' போட்டு, ஓரத்தில் சுருக்கொப்பமும் வைத்தேன்.

அந்த வாக்கியத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. அதைத் திருத்தவில்லை. ஜாக்கி தானாக இறங்கவில்லை. நான் இறக்கினேன். 'ங்' இருக்கும் இடத்தில் 'க்' இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு மெய்யெழுத்தை ஐந்து மாதம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் நிறையப் பேர் நல்ல விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒருவரை நோயாளியாக்கிவிட்டு, அவருக்கே இளநீர் வாங்கிக்கொண்டு போய் நிற்பவர்களுக்கு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி நடைக்கூடங்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மற்ற எல்லோரையும் விட அதிகமாக உதவி செய்வார்கள், உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்கள். அவர்களுக்காகவும், வீட்டுக் கொட்டகையில் காரைத் தூக்கி நிறுத்தி அடியில் படுக்கும் என்னைப் போன்ற அரைகுறை மெக்கானிக்குகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நாற்பத்தெட்டு வயதில் எனக்குக் கார் பழுது பார்க்கும் ஆசை வந்தது. அந்த வயதில் வேறு ஆசைகள் வருகிறவர்களும் உண்டு என்பதால் என் மனைவி வடிவு தடுக்கவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகை ஒன்று உண்டு. அதற்குப் பட்டறை என்று பெயர் வைத்தேன். இருபது வருடத்துக் கார் ஒன்றை வாங்கி உள்ளே விட்டேன். கைபேசியில் காணொளிகள் பார்த்து நான் கழற்றுவேன். மாட்டுவது சங்கர்.

சங்கர் வடிவின் தம்பி. என்னை விடப் பன்னிரண்டு வயது சின்னவன். நாங்குநேரியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். அந்தப் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் புகைந்து போனால் அவனிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். எரிந்த செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிக்கை பிசகாமல் கையாலேயே சுற்றிச் செருகுவான். விரல்தான் அவனுடைய தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த விரல்களை எனக்கு இலவசமாகத் தந்தான்.

அன்று ஆயுத பூஜை. வடிவு காலையிலேயே பட்டறைக்குள் வந்து, ஸ்பேனர், சுத்தியல், திருப்புளி, இரண்டு இரும்பு ஸ்டாண்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்க் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜையில் அடுக்கிவிட்டாள். என் அகராதியும் சிவப்புப் பேனாவும் பக்கத்திலேயே இருந்தன. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. எங்கள் வீட்டில் மின்விசிறி சுவிட்சுக்குக்கூட அன்று குங்குமம் உண்டு. ஆனால் அதை மட்டும் தொடலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது.

அந்த ஸ்டாண்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜாக்கி காரைத் தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய காரைத் தாங்கி நிற்க ஸ்டாண்டு வேண்டும். ஜாக்கிக்குள் இருப்பது எண்ணெயும் ஒரு சின்ன வால்வும். ஸ்டாண்டு முழு இரும்பு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் படுக்கக்கூடாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். அச்சக நண்பர்களுக்குத் தேநீர்க் கடையில் வைத்து விளக்கியிருக்கிறேன்.

அன்று மாலை பூஜை முடிந்ததும் காரின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவது வழக்கம். முந்தின வருடம் சைலன்சர் கட்டு விட்டுப்போய், தெரு முழுக்கக் கடகடவென்று சத்தம். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, தகரக்கடை ஏதும் காலி செய்கிறோமா என்று விசாரித்தார். இந்த வருடமும் அதே சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. மாலைக்குள் அதை நிறுத்த வேண்டும். இதுதான் அவசரம். வேறு எந்த அவசரமும் இல்லை.

காரைத் தூக்க, மேலப்பாளையத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் காஜா பாயிடம் முந்தின நாளே சக்கரம் வைத்த எண்ணெய் ஜாக்கியை இரவல் வாங்கி வந்திருந்தேன். அடுத்தவர் பொருள் என்பதால் வடிவு அதற்குப் பொட்டு வைக்கவில்லை. வீட்டிலேயே அன்று வேலை செய்ய அனுமதி உள்ள ஒரே கருவி அதுதான்.

சங்கர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டான்.

"ஸ்டாண்டு எங்க அத்தான்?"

"பூஜையில இருக்கு மாப்ளே. ஒங்க அக்காட்ட கேக்கணும்னா நீயே போய்க் கேளு."

"வேண்டாம், காலைலயே ஒருமட்டம் திட்டு வாங்கியாச்சு."

"அஞ்சு நிமிச வேலைதானல. கட்டுக்கம்பிய ரெண்டு முறுக்கு முறுக்கிட்டு வந்துரு."

அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை உருட்டி வந்து, காரின் விளிம்புக்குக் கீழே படுக்கப் போட்டான். "இங்கன சும்மா கெடக்கட்டும்" என்றான். அந்தச் சும்மா கிடந்த டயரால்தான் இந்தக் கட்டுரையை அவனைப் பற்றிய நினைவஞ்சலியாக எழுதாமல் இப்படி எழுதுகிறேன்.

அவன் அடியில் போனான். நான் ஜாக்கியின் நீளக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். தரையில் எண்ணெய் படாமலிருக்கப் பழைய செய்தித்தாளை விரித்திருந்தோம். என் முழங்காலுக்குக் கீழே ஒரு பாதிப் பக்க விளம்பரம்: 'ஆயுத பூஜை வாழ்த்துக்கள்.' வாழ்த்துகள் என்று இருக்க வேண்டும், 'க்' கூடாது என்பது என் கட்சி. இந்தக் 'க்'குக்காக அச்சகத்தில் இரண்டு முதலாளிகளைப் பகைத்திருக்கிறேன். அன்று வாசிக்கக்கூடாத நாள் என்று பார்த்தால், பிழையே என்னைத் தேடிக் காலடிக்கு வந்திருந்தது. மனதுக்குள் ஒரு சின்ன வெற்றிப் பெருமிதம்.

அந்த நிலையில்தான் நான் கேட்டேன்.

"இன்னுங் கொஞ்சம் தூக்கவா?"

அடியிலிருந்து சங்கரின் குரல் வந்தது.

"விடுங்க அத்தான்."

இருக்கட்டும், தூக்க வேண்டாம் என்று அவன் சொன்னான். தமிழ் தெரிந்த எவருக்கும் அது அப்படித்தான் கேட்கும். எனக்குப் பாதி மூளை விளம்பரத்தில் இருந்தது. மீதிப் பாதிக்கு 'விடு' என்ற சொல் மட்டும் வந்து சேர்ந்தது. ஜாக்கியைப் பிடித்திருப்பவனிடம் விடு என்றால் என்ன அர்த்தம்? கைப்பிடியை இடப்பக்கம் திருகினால் வால்வு திறக்கும். முழுத் திருகுகூட வேண்டாம். கால் திருகு போதும்.

சத்தம் பெரிதாக இல்லை. ஒரு பெருமூச்சு மாதிரி. அதற்குப் பிறகு ஸ்டெப்னி நசுங்கும் ஓசை. அதற்கும் பிறகு, சங்கர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது.

நான் வால்வை மூடினேன். கைப்பிடியை மேலும் கீழும் அடித்தேன். எத்தனை முறை என்று தெரியாது. கார் மேலே வந்தது. எதிர்வீட்டுக்காரரும் வேறு இரண்டு பேரும் ஓடி வந்தபோது, ஜாக்கி ஒழுங்காக நின்றது, நான் வேர்த்து ஒழுக அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள்.

"ஜாக்கி எறங்கிட்டு" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் வந்தது. ஜாக்கி இறங்கியதும் உண்மைதானே. அதற்குப் பிறகு ஆம்புலன்ஸில் வந்தவர்களிடம், ஆஸ்பத்திரியில், வடிவிடம், சங்கரின் மனைவியிடம், தொலைபேசியில் கேட்ட சொந்தங்களிடம் எல்லாம் அதே இரண்டு சொற்களில் பதிலை முடித்தேன். இருபதாவது முறை சொன்னபோது எனக்கே நம்பிக்கை வர ஆரம்பித்தது.

வலப்பக்கம் நான்கு விலா எலும்புகள் உடைந்திருந்தன. அதில் ஒன்று குத்தி, நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே காற்றுப் புகுந்து நுரையீரலைச் சுருங்கச் செய்திருந்தது. காற்றை வெளியேற்ற விலாவில் குழாய் போட்டு, அதன் மறுமுனையைத் தண்ணீர் உள்ள ஒரு பாட்டிலில் விட்டிருந்தார்கள். அவன் மூச்சு விடும்போதெல்லாம் பாட்டிலில் குமிழி வரும். குமிழி நிற்பதுதான் நல்ல அறிகுறி (நுரையீரல் மறுபடி விரிந்து ஓட்டை அடைபட்டுவிட்டது என்று பொருள்). இது தெரியாமல் முதல் நாள் குமிழி கொஞ்சம் நின்றதும் நான் நர்ஸைத் தேடி ஓடினேன். "ஒக்காருங்க சார்" என்றார் அவர்.

வலது மேற்கை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. ஐந்தாம் நாள் தகடு வைத்துத் திருகாணி போட்டு இணைத்தார்கள். அறுவை முடிந்து மயக்கம் தெளிந்ததும் டாக்டரம்மா அவனிடம் மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார். சங்கர் கையைப் பார்த்தான். கை தொங்கியது. திரும்பவும் சொன்னார். அவன் பல்லைக் கடித்தான், நெற்றி நரம்பு புடைத்தது, கை மட்டும் வேறு யாருடையதோ போலத் தொங்கிக்கொண்டே இருந்தது.

டாக்டரம்மா எங்களை வெளியே அழைத்துச் சொன்னார். மேற்கை எலும்பைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்துவது அதன் வேலை. எலும்பு முறிந்தபோது அது நசுங்கிவிட்டது. அறுபடவில்லை. வளர்ந்து வரும்.

"எவ்வளவு நாளாகும் டாக்டர்?"

"நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். அதுக்கு மேல அவசரப்படுத்த மருந்து கெடையாது."

அச்சகத்தில் எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்கும் எஃகு அளவுகோல் என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். அன்று வெளியே எடுத்து ஒரு மில்லிமீட்டரைப் பார்த்தேன். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. முறிந்த இடத்திலிருந்து மணிக்கட்டைத் தூக்கும் தசைவரை பதினைந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து மாதம். கால் திருகுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரை வினாடி.

பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கை தொங்கிவிடாமல் மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு பட்டை. தினம் மூன்று வேளை அதைக் கழற்றிவிட்டு, மேசை விளிம்பில் கையைத் தொங்கவிட்டுப் பத்து முறை தூக்க முயல வேண்டும். தூக்க முடியாது என்று தெரிந்தே முயல வேண்டும். மூளை அந்தக் கையை மறந்துவிடாமலிருக்க அது அவசியம் என்றார்கள்.

இதற்கிடையில் நான் வீரனாகிவிட்டேன். "எங்க வீட்டுக்காரரு மட்டும் அங்கன இல்லேன்னா எந் தம்பிய உசுரோட பாத்திருக்க முடியாது" என்று வடிவு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். தனியாளாகக் காரைத் தூக்கியவர் என்று அச்சகத்தில் செய்தி பரவியது. ஜாக்கியை அடித்துத் தூக்கியது, நடுவழியில் எங்கேயோ வெறும் கையால் தூக்கியதாக மாறியிருந்தது. என் உடல்வாகைப் பார்த்தும் அதை நம்பினார்கள். நான் திருத்தவில்லை. திருத்துவதற்காகவே சம்பளம் வாங்குகிறவன்.

ஒரு நாள் வடிவு கேட்டாள்.

"ஸ்டாண்டு வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்துத் தந்திருப்பேன்லா. சாமி கோவிச்சா நான் பாத்துக்கிட மாட்டனா?"

அவள் கண் கலங்கியிருந்தது. ஸ்டாண்டைப் பூஜையில் வைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். என்னுடைய குற்றத்துக்கு அவள் ஒரு பங்கு எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது பங்கு சங்கருக்கு. அடிபட்டதற்குச் சற்று முந்திய நேரம் எதுவும் அவனுக்கு நினைவில் இல்லை. ஜாக்கி நல்ல ஜாக்கிதானே, எப்படி இறங்கியது என்று யோசித்து யோசித்து, அடியில் புரளும்போது தன் கால்தான் கைப்பிடியைத் தட்டிவிட்டிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்திருந்தான். கேட்கிறவர்களிடம் அப்படியே சொல்லவும் ஆரம்பித்தான்.

மூன்றாவது பங்கு காஜா பாய்க்கு.

அவர் வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடித்துவிட்டு நாங்குநேரிக்குப் பஸ் ஏறி, சங்கரைப் பார்க்கப் பழத்தோடு போனார். எண்ணெய் மாற்றி நாளாகிவிட்டது, உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும், தெரிந்தே இரவல் கொடுத்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஜாக்கியை எடைக்குப் போட்டுவிட்டார்.

மாசி மாதம் ஒரு நாள் அவர் கடைக்குப் போயிருந்தேன். பிசான அறுவடை நேரம். டிராக்டர், டிரெய்லர் எல்லாம் பஞ்சருக்கு வந்து நிற்கும். ஒரு டிரெய்லர்காரர், அடியில் அச்சு உரசுகிறது, கொஞ்சம் படுத்துப் பார்க்க வேண்டும் என்றார். காஜா பாய் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். டயர் மட்டும்தான் பார்ப்பேன் என்றார். வந்தவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். இருபத்தைந்து வருடமாக வண்டிக்கு அடியிலேயே வாழ்ந்த மனிதர்.

"ஏன் பாய்?" என்று கேட்டேன்.

"கீழ படுத்தா மூச்சு முட்டுது அண்ணாச்சி. அந்தப் புள்ள மொகம் வருது."

கடைக்குப் பின்னால் பாளையங்கால்வாய். அங்கே அவரை அழைத்துப் போய்ச் சொன்னேன். விளம்பரம், 'விடுங்க அத்தான்', கால் திருகு, எல்லாம். சொல்லும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகாயத்தாமரை ஒன்று மெதுவாகப் போனது.

நான் ஒரு வசவை எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"மாப்ளைட்ட சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல பாய்."

"பொறவு எங்கிட்ட எதுக்கு மொதல்ல சொல்லுதிய? நான் திட்ட மாட்டேன்னா?"

அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு நடந்தார். நாலடி போய்த் திரும்பி, "வெள்ளிக்கெழம நான் அங்க போவேன். அதுக்கு முன்னால போயிருங்க" என்றார்.

வியாழக்கிழமை போனேன். பஸ்ஸில்தான். காரை நான் அதற்குப் பிறகு தொடவில்லை. சங்கர் கடையில் இருந்தான். பிரித்துப் போட்ட மோட்டார் ஒன்று தரையில் கிடந்தது. இடது கையால் பழைய கம்பியை மட்டும் உருவ முடிகிறது, சுற்றும் வேலையைத் திருநெல்வேலிக்கு அனுப்புகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தான். அப்போது பட்டையைக் கழற்றிவிட்டு மேசையோரம் உட்கார்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்தான். வலது கை விளிம்பில் தொங்கியது. நூற்று நாற்பத்தேழாவது நாள். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

நின்றபடியே சொன்னேன். சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் நான்கு முறை திருத்தி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன.

"ஜாக்கி தானா எறங்கல மாப்ளே. நாந்தான் எறக்குனேன். நீ விடுங்கன்னு சொன்னத நான் தப்பா எடுத்துக்கிட்டேன்."

அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங் கால் படலையா?"

"இல்ல."

"அஞ்சு மாசமா நான் எங் காலத் திட்டிக்கிட்டுக் கெடக்கேன்." குரல் உயரவில்லை. "வார ஆளுகிட்டல்லாம் நானே தப்புன்னு சொல்லுதேன். நீங்க பக்கத்துல ஒக்காந்து ஆரஞ்சு உரிச்சுத் தாரிய."

"மாப்ளே..."

"தப்பா காதுல விழுறது யாருக்கும் நடக்கும். அது வேற. இது வேற." நிமிர்ந்து பார்த்தான். "வெளிய போங்க."

சொல்லும்போது வாசலைக் காட்டினான். வலது கையால் காட்டினான். பிறந்ததிலிருந்து காட்டிப் பழகிய கை. மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த மணிக்கட்டு, இரண்டு விரல் உயரம் எழுந்து, ஒரு நடுக்கத்தோடு அங்கேயே நின்றது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

கை விழுந்தது. அவன் அதை முறைத்தான். மூச்சைப் பிடித்தான். மறுபடியும் எழுந்தது, கொஞ்சம் குறைவாக. நான் ஓரடி முன்னே வைத்தேன்.

"போங்கன்னு சொன்னேன்" என்றான். இந்த முறை கையை அசைக்கவில்லை. அது களைத்திருந்தது.

நாங்குநேரி பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றேன். பெருமாள் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த உலகத்தில் அந்தக் கணத்தில் ஒரு நல்ல செய்தி இருந்தது, அது எனக்கும் சங்கருக்கும் மட்டும்தான் தெரியும். வடிவைக் கூப்பிட்டேன்.

"சங்கர் கையத் தூக்கிட்டான்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நெல்லையப்பரையும் காந்திமதியையும் கூப்பிட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு விவரம் கேட்டாள். எப்போது, எவ்வளவு தூரம், பயிற்சி செய்யும்போதா?

"இல்ல. வாசலக் காட்டும்போது."

"எதுக்கு வாசலக் காட்டுனான்?"

"என்ன வெளிய போகச் சொல்லி."

"ஒங்கள எதுக்கு அவன் வெளிய போகச் சொல்லுதான்?"

திருநெல்வேலி பஸ் வந்து நின்றது. நடத்துநர் என்னைப் பார்த்தார். நான் ஏறவில்லை. நல்ல செய்தியை மட்டும் தனியாகப் பிய்த்துக் கொடுக்க வழியே இல்லை. பஸ் போன பிறகு, 'நான்' என்று தொடங்கிச் சொன்னேன்.

வடிவு பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. வீரன் பட்டம் தெருவில் எப்படித் திரும்பப் பெறப்பட்டது என்று எனக்குத் தெரியாது. எதிர்வீட்டுக்காரர் முகத்தில் தெரிந்தது. சங்கரின் அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடமும் சொன்னேன், பதிவேட்டில் ஓர் எழுத்தை மாற்ற முடியுமா என்று கேட்டேன். "எலும்புக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். உங்களுக்குத்தான் வித்தியாசம்" என்றார்.

காஜா பாய் மறுபடி வண்டிக்கு அடியில் படுக்கிறார். புது ஜாக்கி வாங்கியிருக்கிறார். இரவல் கேட்டு வருகிறவர்களுக்கு அதோடு இரண்டு ஸ்டாண்டையும் சேர்த்தே கொடுக்கிறார். ஸ்டாண்டு வேண்டாம் என்றால் ஜாக்கியும் இல்லை. சமதளத்தில் நிறுத்து, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடு, ஸ்டாண்டில் இறக்கி உட்கார வைத்து ஆட்டிப் பார், பிறகு படு என்கிறார். நான் அதோடு ஒன்று சேர்த்துக்கொள்வேன்: கீழே இருப்பவர் வெளியே வந்து, எழுந்து, உங்கள் கண்முன் இரண்டு காலில் நிற்கும்வரை, அவர் எந்தச் சொல்லைச் சொன்னாலும் ஜாக்கியில் கை வைக்காதீர்கள். நம் மொழியில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது அழகுதான். காருக்கு அடியிலிருந்து கேட்கும்போது அல்ல.

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நிற்கும் என் இனத்தவருக்கும் ஒன்று. நீங்கள் சொல்லாமல் வைத்திருப்பது உங்களிடமே தங்கியிருக்கும் என்று நினைக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் இருக்கும் நல்லவர்கள் அதைத் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சங்கர் இப்போது மோட்டார் சுற்றுகிறான். மணிக்கட்டு முழுதாக நிமிர்கிறது, கட்டைவிரல் மட்டும் பின்தங்கி வருகிறது. மழைக்காலத்தில் விலா வலிக்கிறதாம். என்னோடு பேசுகிறான். டீ குடிக்கிறீர்களா, பஸ் கிடைத்ததா என்று கேட்கிறான். அத்தான் என்ற சொல் மட்டும் வருவதில்லை. நான் அதை அளப்பதில்லை. வரும்போது வரட்டும்.

எனக்குத்தான் ஒரு புது வியாதி. யாராவது ஏதாவது சொன்னால், சொன்னது காதில் விழுந்த பிறகும் என் கை சற்று நேரம் அசையாமல் நிற்கிறது. அச்சகத்தில் எனக்குக் காது மந்தம் என்று முடிவு செய்து பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஒவ்வொரு சத்தமும் நன்றாகவே கேட்டது. கேட்டது என்று நிச்சயமான பிறகுதான் அழுத்தினேன். காதில் கோளாறு ஒன்றும் இல்லை, ஆனால் ஏன் இவ்வளவு தாமதம் என்று பரிசோதித்த பெண் கேட்டார்.

வயதாகிவிட்டது என்று சொன்னேன். பிறகு, அதுவும் சரியில்லை என்று பட்டது. திரும்பவும் உட்கார்ந்து, அவருக்கு முதலிலிருந்து சொன்னேன்.